சேம அச்சு முதல் கமான் பட்டை வரை: எல்லை மலைச் சாலைகளில் தளர்ச்சியின் குறிகள்

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகரின் வண்டியில் இருக்கும் ஓர் உதிரி உறுப்புக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. ஏற்றிய பாரமோ பெரிது. வழி பள்ளத்தில் இறங்குமா, மேட்டில் ஏறுமா, அங்கே என்ன நேரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மன்னனைப் புகழ எழுந்த பாட்டு என்றாலும், போக்குவரத்து வரலாற்றை ஆராய்பவருக்கு இது ஒரு தொழில்நுட்பச் சான்று. வண்டி எங்கே பழுதாகும், எப்படிப் பழுதாகும் என்பதைப் பற்றி அக்காலத்தவர் கொண்டிருந்த எதிர்பார்ப்பு இதில் பதிவாகியிருக்கிறது. பழுது என்றால் அச்சு முறிவது. அது எப்போது முறியும் என்று முன்கூட்டிச் சொல்லும் குறி எதையும் பாடல் பேசவில்லை. மாற்று அச்சு கையில் இருப்பதுதான் முன்னெச்சரிக்கை.

வலியறிதல் அதிகாரத்தில் வரும் 475ஆம் குறளும் இதே எண்ணத்தின்மீது நிற்கிறது. மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு இற்றுப்போகும் என்கிறார் வள்ளுவர். அங்கும் ஏற்றுதல் படிப்படியாக நிகழ்கிறது. முறிவு ஒரே நொடியில் வருகிறது. நடுவில் இருக்க வேண்டிய நிலைக்கு, அதாவது வண்டி முறியவில்லை, ஆனால் முன்போலும் இல்லை என்ற நிலைக்கு, அங்கே தனிச்சொல் இல்லை. மொழியின் குறை என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை. அச்சும் பாரும் ஆரமும் மரத்தால் ஆனவை. சாலையின் அதிர்வு முழுவதையும் அவை நேராகவே வாங்கின. மரம் உளுக்கும், விரியும், காலப்போக்கில் தேயும். ஆனால் வளைந்து கொடுத்து மீள்வதே தன் வேலையாகக் கொண்ட உறுப்பு எதுவும் அவ்வண்டியில் இருக்கவில்லை. ஆகவே மீள மறுக்கும் உறுப்பைப் பற்றிப் பேச வேண்டிய தேவையும் எழவில்லை.

அந்தத் தேவை வில்வண்டியோடு வந்தது.

வில்வண்டி என்ற கூட்டுச்சொல் எளிமையானது. அது சுட்டும் மாற்றம் பெரிது. எய்வதற்குரிய கருவியின் பெயர், சுமப்பதற்குரிய ஓர் உறுப்பின் பெயராயிற்று. எஃகுத் தகடுகள் சிலவற்றை, நீளம் படிப்படியாகக் குறையும் வகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறுக்கி, வளைத்துப் பொருத்திய அமைப்புக்குத் தமிழர் கண்ட முதல் உவமை வில். உவமை துல்லியமானது. இரண்டிலும் வளைப்பதற்குச் செலவிடும் ஆற்றல் உள்ளே தேங்கி, விடுபடும்போது திரும்பி வருகிறது. இழுப்பும் விசையும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் உள்ளன என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்நூலின் பொருளே வில்லின் மீள்விசைதான். எஃகுத் தகட்டு வில்கள் பயண வண்டிகளில் பரவலானது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் ஐரோப்பியப் பயண வண்டிகள் பலவற்றில் பெட்டியைத் தோல்வார்களில் தொங்கவிட்டிருந்தனர். ‘சஸ்பென்ஷன்’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் தொங்கல் என்பதற்கு இதுவே காரணம். தமிழில் சிலர் இதைத் ‘தொங்கலமைப்பு’ என்று பெயர்த்துள்ளனர். பட்டறைகளில் அச்சொல் வேர்கொள்ளாததில் வியப்பில்லை. தமிழர் கண்ட வண்டியின் உடல் வார்களில் தொங்கவில்லை, வில்லின்மேல் உட்கார்ந்திருந்தது. இந்த ‘உட்காருதல்’ பின்னர் வேறொரு பொருளில் திரும்ப வரும்.

வில்லுக்குப் போட்டியாக இன்னொரு சொல்லும் வந்தது. பாரசீகத்தில் கமான் என்றாலும் வில்தான். உருது வழியாகத் தமிழுக்கு வந்த இச்சொல் கட்டட வளைவையும் குறித்தது, வண்டியின் தகட்டு வில்லையும் குறித்தது. மலையாளத்தில் கமானம் என்றால் இன்றும் வளைவுதான். திருவிழா நுழைவாயில்களில் எழுப்பும் அலங்கார வளைவு. தமிழ்நாட்டுப் பட்டறைகளிலோ ‘கமான் பட்டை’, ‘கமான் கட்டு’ என்று அது எஃகுக்கு உரியதாகிவிட்டது. வில் என்ற சொல் வில்வண்டியோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. மோட்டார் வண்டி வந்தபின் கமானும் பட்டையும் ஸ்பிரிங்கும் அதன் இடத்தைப் பிடித்தன. ஒரே பொருளுக்கு ஒரே உவமை இரண்டு மொழிகளிலிருந்து இருமுறை வந்தது என்பது சொல்வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைக்காத ஒன்று.

வில் யாருக்காகப் பொருத்தப்பட்டது என்ற கேள்வி சொல்வரலாற்றோடு முடிவதில்லை. நெல்லும் உப்பும் கல்லும் சுமந்த பாரவண்டிக்கு வில் கிடையாது. கட்டை வண்டி கட்டையாகவே உருண்டது. வில்வண்டி மனிதரைச் சுமந்தது; அதிலும் குலுங்காமல் போக வேண்டியவர் என்று ஊர் ஏற்றுக்கொண்ட மனிதரை. நிலவுடைமையாளர், அதிகாரி, வசதியான வீட்டுப் பெண்கள். எந்த உடல் அதிர்வைத் தாங்க வேண்டும், எந்த உடல் தாங்க வேண்டியதில்லை என்ற பகுப்பு வண்டியின் அடியில் எஃகாக எழுதப்பட்டிருந்தது. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வெள்ளைக் காளைகள் பூட்டிய வண்டியில் சென்றபோது, அது வில்லுவண்டியாக இருந்தது தற்செயலன்று. கேரள வரலாறு அந்நிகழ்வை இன்றும் வில்லுவண்டிப் பயணம் என்றே அழைக்கிறது. சாலையில் நடக்கும் உரிமையோடு, அச்சாலையில் குலுங்காமல் செல்லும் உரிமையையும் அவர் எடுத்துக்கொண்டார் என்று படிக்க இடமுண்டு. இன்றைய இடுக்கி மாவட்டம் அன்று அதே திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது.

அம்மலைகளில் சரக்குக்குக் கிடைத்த கவனம் மனிதருக்குக் கிடைத்ததா என்பது ஐயத்துக்குரியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது, காளைகள் இழுத்தன. 1908இல் அது சிறு ரயில்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குச் சென்றன. 1924 வெள்ளம் ரயில்பாதையை அழித்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. மலையாள ஆண்டு 1099இல் வந்ததால் அவ்வெள்ளம் மலையாளிகளின் நினைவில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே நிற்கிறது. தேயிலை வானத்தில் மிதந்து இறங்கிய அதே மலையில், அதைப் பறித்தவர்கள் கால்நடையாக ஏறினர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறும் பாதைகள் முதலில் கால்களின் பாதைகள்; பிறகு பொதிமாடுகளின், கழுதைகளின் பாதைகள்; மோட்டார் சாலை அவற்றுக்குப் பின்னர் வந்தது.

பாலக்காட்டுப் பக்கம் நிலம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிடுகிறது; கணவாயின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர்தான். மாட்டுவண்டி மூச்சுவாங்காமல் கடக்கக்கூடிய வழி. 1862க்குள் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு ரயிலும் அவ்வழியே சென்றது. ஆனால் சமவெளியின் இருபுறமும் மலைதான். நெம்மாறாவிலிருந்து நெல்லியாம்பதிக்கும், மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கும் வளைந்து ஏறும் சாலைகள். பரம்பிக்குளத்துக்குக் கேரளத்திலிருந்து நேரான சாலையே கிடையாது; பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் சென்றுதான் கேரளத்தின் அந்தக் காட்டுக்குப் போக வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று மலபாரின் பாலக்காடும் திருவிதாங்கூர்-கொச்சியின் தேவிகுளம், பீர்மேடும் புதிய கேரள மாநிலத்தில் அமைந்தன. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய இயக்கம் தோற்றது. எல்லை நிலைத்தது, ஆனால் தொழிலாளரின் காலைப் பயணம் எல்லையைத் தாண்டியே தொடர்ந்தது.

அப்பயணத்தைத் தாங்கிய வண்டி ஜீப். 1940களின் பிற்பகுதியில் மகிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. போருக்காக வடிவமைக்கப்பட்ட அவ்வண்டியின் சுமையளவு கால் டன். நான்கு சக்கரங்களுக்கும் கமான் பட்டைகள், முன்னும் பின்னும் முழு அச்சு, இடையில் உடையக்கூடிய நுட்பம் எதுவும் இல்லை. சாலை என்று சொல்லத் தகாத தோட்டப் பாதைகளில் இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்கவில்லை. பின்னர் அதே மரபில் வந்த நீளமான ஜீப்புகள், பின்புறம் எதிரெதிர் பெஞ்சுகளோடு, இடுக்கியின் அடையாளமாகவே ஆயின. போடி, தேவாரம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து உடும்பன்சோலை, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் கிளம்பும் கூலிப்பெண்களை இவை சுமந்தன, இன்றும் சுமக்கின்றன. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

இங்கேதான் புதுவகைப் பழுது தன் முழு வடிவத்தைக் காட்டுகிறது. மர அச்சைப்போல எஃகுப் பட்டை ஒரே நாளில் முறிவதில்லை. முறிந்தாலும், பல்லாயிரம் முறை வளைந்து மீண்டபின் முறிகிறது. ஐரோப்பா இதைத் தன் வழியில் கற்றது. 1842 மே மாதத்தில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாங்கக்கூடிய சுமையைத்தான் தாங்கியது, ஆனாலும் முறிந்தது. ஏன் என்ற கேள்வி பொறியாளர்களைத் துரத்தியது. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து, சிறு சுமையும் எண்ணிக்கையால் கொல்லும் என்று காட்டினார். இந்நிகழ்வுக்கு அவர்கள் தேர்ந்த பெயர் உடலிலிருந்து எடுத்தது: சோர்வு. எஃகு களைத்துப்போகிறது.

அறிவியல் சென்ற அதே வழியில், அதை அறியாமலே, தமிழ்ப் பட்டறையும் சென்றது. பட்டை ‘உட்கார்ந்துவிட்டது’ என்பர். வண்டி ‘ஒரு பக்கம் இழுக்கிறது’, ‘தூக்கிப் போடுகிறது’, ஸ்டீயரிங் ‘உதறுகிறது’, சக்கரத்தில் ‘ஆட்டம்’ இருக்கிறது, டயரை ‘ஒரு பக்கம் தின்கிறது’. ஒவ்வொரு வினையும் மனிதரிடமிருந்தோ மாட்டிடமிருந்தோ வந்தது. களைத்த எருது உட்காரும். சண்டி மாடு ஒரு பக்கம் இழுக்கும். காய்ச்சல் கண்ட உடல் உதறும். புறநானூற்று வண்டிக்கு இல்லாத இடைநிலைச் சொற்கள் இவை. முறிவுக்கு முந்தைய காலத்தைப் பேசும் சொற்கள். இவற்றை வெறும் பேச்சுவழக்கு என்று ஒதுக்குவது தவறு. ஒவ்வொன்றின் பின்னும் குறிப்பிட்ட ஓர் உறுப்பின் குறிப்பிட்ட தேய்மானம் இருக்கிறது.

உட்கார்ந்த பட்டையை எப்படி அறிவது? சமதரையில் வெறும் வண்டியை நிறுத்திப் பின்னால் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். இடதும் வலதும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் முதல் ஐயம். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சாணாலும் விரற்கடையாலும் அளப்பதும் உண்டு. இருபுறமும் ஒப்பிடுவதற்கு அதுவே போதும். நடுவில் உள்ள ரப்பர் கட்டை அடிபட்டு மழுங்கியிருந்தால், அச்சு அடிக்கடி அதுவரை ஏறி மோதியிருக்கிறது. அடுத்து ஷேக்கிளைப் பார்க்க வேண்டும். வளைவு குறையும்போது பட்டை நீள்கிறது; நீளும் பட்டை தன் ஒரு முனையைத் தாங்கும் ஷேக்கிளை வெளிப்புறமாகத் தள்ளிச் சாய்க்கிறது. பட்டையின் வளைவைக் கண் மதிப்பிடத் தவறினாலும் ஷேக்கிளின் சாய்வு தவறாது.

விரிசலுக்கு வேறு குறி. சேறும் தூசும் படிந்த பட்டையின் குறுக்கே மெல்லிய துருக்கோடு ஒன்று தெரியும். விரிசலின் இரு முகங்களும் உராய, ஈரம் புகுந்து, செம்பழுப்புத் தூளாக வெளியேறுகிறது. பட்டையை ஒட்டி விரலை ஓட்டினால் கண்ணுக்கு முன் விரல் அதை அறியும். பெரும்பாலும் நடுப்போல்ட்டுக்கு அருகில், அல்லது கண் எனப்படும் முனைச்சுருளின் அடியில். அங்கேதான் வளைவிசை குவிகிறது.

எல்லாக் குறிகளிலும் கொடியது கண்ணுக்கு எளிதில் படாதது. அச்சையும் பட்டையையும் ஒன்றாகப் பிணைப்பவை யூ-போல்ட்டுகள். அவை தளர்ந்தால், பிணைக்க வேண்டிய சுமை நடுவே ஊடுருவி நிற்கும் சிறு சென்டர் போல்ட்டின்மேல் விழுகிறது. அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நகரும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் விலகி வரும். வண்டி நண்டைப்போலச் சற்றுப் பக்கவாட்டாகச் செல்லும். ஈர மண்ணில் நேராக ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது அச்சு நகர்ந்தால், பார்ப்பதற்கு நேரம் இருக்காது.

ஒலிகளைப் பிரித்தறிவதில் மிகுந்த கவனம் வேண்டும். ‘கீச்’ என்ற இடைவிடாத ஒலி பெரும்பாலும் பட்டைகளுக்கு இடையே பசையின்றி உலர்ந்திருப்பதைச் சொல்கிறது. எரிச்சலூட்டும், ஆனால் உடனடி ஆபத்தன்று. கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் ஒருமுறை ‘டக்’ என்று கேட்டால் புஷ் அல்லது ஷேக்கிள் பின் தேய்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது எஃகின்மேல் எஃகு அறையும் ஓசை வந்தால், பட்டை ஒன்று அறுந்திருக்கக்கூடும். சத்தமாகக் கேட்பது எப்போதும் பெரிய பழுதன்று. மெல்லக் கேட்பது சிறிய பழுதுமன்று. குழப்பம் தரும் குறியும் உண்டு. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்குக் காற்றுக் குறைந்த டயரும், ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் பிரேக்கும்கூடக் காரணமாகலாம். அவற்றை முதலில் விலக்கிவிட்டுத்தான் பட்டைமேல் குற்றம் சாட்ட வேண்டும்.

பொது வழிகாட்டிகள் கூறும் எளிய சோதனை ஒன்று உண்டு. காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் அது ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். மேலும் மேலும் ஆடினால் ஷாக் அப்சார்பர் செயலிழந்துவிட்டது. அம்பாசடருக்கோ மாருதிக்கோ இது பொருந்தும். மலை ஜீப்புக்குப் பொருந்தாது. அதன் பட்டை அவ்வளவு கடினம். ஒருவர் முழுப்பலத்தோடு அழுத்தினாலும் அசையாது. அசையாததைக் கண்டு நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்தால் முடிவு பிழையாகும். ஜீப்பின் ஷாக் அப்சார்பரை வேகத்தடையில் ஏறி இறங்கிய பின்னரே அறிய முடியும்: பின்பகுதி எத்தனை முறை எழுந்து அமர்கிறது என்பதைக் கொண்டும், உருளையின்மேல் எண்ணெய் கசிந்து தூசு அப்பியிருக்கிறதா என்பதைக் கொண்டும், டயரின் முகத்தில் விட்டுவிட்டுத் திட்டுத்திட்டான தேய்மானம் உள்ளதா என்பதைக் கொண்டும்.

அதே வண்டி சமவெளியிலும் மலையிலும் வெவ்வேறு குறிகளைக் காட்டும் என்பதும் இவ்வெல்லைப் பகுதியில்தான் தெளிவாகத் தெரிகிறது. வாளையாறு-பாலக்காடு நெடுஞ்சாலையின் வேகத்தில் தேய்ந்த ஷாக் அப்சார்பர் அலையாகத் தெரியும். வண்டி நீரில் மிதப்பதுபோல மேலும் கீழும் போகும். அதே குறை போடிமெட்டின் மெதுவான வளைவில் ஒளிந்துகொள்ளும். அங்கே தெரிவது புஷ்ஷின் ஆட்டமும் வெளிப்புறப் பட்டையின் தொய்வும். வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்புறம் சாய்கிறது. தளர்ந்த பட்டை அச்சாய்வைத் தாமதமாகத் தடுக்கிறது, அல்லது தடுப்பதே இல்லை. இறக்கத்தில் சுமை முன்னோக்கி வருவதால், ஏற்றத்தில் அமைதியாக இருந்த முன்பட்டை இறக்கத்தில் பேசும். சமவெளியில் சோதித்துச் சரி என்று கொடுத்த வண்டி மலையில் வேறு வண்டி.

உட்கார்ந்த பட்டைக்குப் பட்டறையில் மருந்து உண்டு. பட்டையைக் கழற்றி, மீண்டும் வளைவு ஏற்றிப் பூட்டலாம். சூடேற்றி ஆறவைக்கும் பக்குவம் தவறினால் எஃகு தன் குணத்தை இழக்கும். அதைவிட மலிவான, விரைவான வழி, கூடுதல் பட்டை ஒன்றைச் சேர்ப்பது. வண்டி உடனே நிமிரும். சாய்வு மறையும், ரப்பர் கட்டையில் மோதல் நிற்கும், ஷேக்கிள் நேராகும். மேலே சொன்ன குறிகளில் பாதி ஒரே நாளில் அழிந்துவிடுகின்றன. ஆனால் தேய்மானம் அழியவில்லை. பட்டை வாங்காத அதிர்வு சட்டத்துக்கும் ஷேக்கிள் தாங்கிக்கும் யூ-போல்ட்டுக்கும் அச்சுக்கும் போகிறது. விறைத்த பட்டை திருப்பி உதைக்கும் வேகத்தை, பழைய வில்லுக்கென்று அளந்து செய்த ஷாக் அப்சார்பரால் அடக்க முடிவதில்லை. நிமிர்ந்து நிற்பதால் இன்னும் நாலு பேரை ஏற்றலாம் என்ற எண்ணமும் பிறக்கிறது. சுமை தாங்குவதற்காகச் சேர்த்த பட்டை, சுமையைக் கூட்டும் காரணமாகிவிடுகிறது. வள்ளுவரின் வண்டியில் அச்சு முறிந்து எச்சரித்தது. இங்கே எச்சரிக்கும் உறுப்பையே விறைப்பாக்கி வாயடைக்கும் முறை வழக்கமாகியிருக்கிறது. குறியை நீக்குவது வேறு, காரணத்தை நீக்குவது வேறு என்ற வேறுபாடு மருத்துவத்தில் எவ்வளவு முதன்மையானதோ, இங்கும் அவ்வளவே.

வில்லின் சமூக வரலாறும் இவ்விடத்தில் தலைகீழாகிறது. வில்வண்டி மனித உடலைப் பாரத்திலிருந்து பிரித்தது. பட்டை கூட்டிய ஜீப் மனித உடலை மீண்டும் பாரமாக்கியது. கூலிப்பெண்கள் அமரும் பெஞ்சுகள் பின்அச்சின் மேலும் அதற்குப் பின்னும் அமைகின்றன. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் அமர்ந்திருப்பவரைவிட, அச்சுக்குப் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு பள்ளத்திலும் அதிகம் தூக்கி எறியப்படுவார். இது எளிய நெம்புகோல் கணக்கு. முதுகெலும்பின் வழியே ஏறும் செங்குத்து அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 முறை நிகழ்வது மனித உடலை மிகவும் வருத்தும் என்பதைப் பன்னாட்டுத் தர அமைப்பின் அதிர்வு அளவீடுகளும் அடிப்படையாகக் கொண்டுள்ளன. மென்மையான கார் வினாடிக்கு ஒருமுறை, ஒன்றரை முறை என மெல்ல அசையும்படி வடிவமைக்கப்படுகிறது. அது ஏறக்குறைய நடையின் தாளம். விறைத்த பட்டை அத்தாளத்தை வேகப்படுத்தி உடலின் பொறுத்துக்கொள்ளாத எல்லைக்கு அருகே கொண்டுசெல்கிறது.

சட்டம் இவற்றை அறியாததன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் விதிகளும் வாடகைப் போக்குவரத்து வண்டிகளுக்குக் காலமுறைத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்குகின்றன. சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான வண்டிக்கு முதல் 15 ஆண்டுகள் அத்தகைய தேர்வு இல்லை. சொந்த வண்டி என்ற பெயரில் கூலியாள்களை ஏற்றிச்செல்லும் ஜீப், இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகள் தமிழ், மலையாள நாளிதழ்கள் இரண்டிலும் பலமுறை வந்துள்ளன. செய்திகளில் வழக்கமாக இடம்பெறும் தொடர் ‘கட்டுப்பாட்டை இழந்து’ என்பது. கட்டுப்பாடு எந்த உறுப்பில், எத்தனை வாரங்களுக்கு முன் இழக்கத் தொடங்கியது என்பதற்கு அத்தொடரில் இடமில்லை. மொழியியல் நோக்கில் அது ஒரு புறநானூற்றுத் தொடர். பழுதை நொடிப்பொழுது நிகழ்வாகவே காண்கிறது.

கார்களின் வரலாறு இதற்கிடையில் வேறு திசையில் சென்றது. 1958இல் வந்த அம்பாசடர் முன்பக்கம் முறுக்குத் தண்டையும் பின்பக்கம் கமான் பட்டையையும் கொண்டிருந்தது. எனவே பழைய குறிகள் பின்பாதியில் செல்லுபடியாயின. 1983இல் வந்த மாருதி 800இன் முன்பக்கத்தில் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்தன. சுருள் உடைந்தால் அது கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கும். விரலை ஓட்டித் துருக்கோட்டைத் தேட வழியில்லை. அதனால் ஒலியும் டயரும் முன்னைவிட முதன்மை பெற்றன. பட்டறைச் சொற்களில் லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் என ஆங்கிலம் பெருகியது. வினைச்சொற்கள் மட்டும் மாறவில்லை. சுருள்வில்லும் இன்று ‘உட்கார்ந்து’தான் போகிறது; புதிய காரும் ‘இழுக்கிறது’, ‘தின்கிறது’.

இவ்வினைகளை இப்பொருளில் தொகுத்த அகராதி தேவை. வாளையாறு, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கமும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு பக்கமும் உள்ள பட்டறைகளில் தமிழும் மலையாளமும் ஒரே வண்டியின் அடியில் படுத்திருக்கின்றன. ஒரே குறிக்கு இரு மொழியினரும் எந்த வினையைத் தேர்கின்றனர், எதைக் கடன் வாங்குகின்றனர் என்பது களப்பணிக்கு உரிய நல்ல பொருள். அத்தொகுப்பு பட்டறைக்காரர்களிடமும் ஓட்டுநர்களிடமும் மட்டும் திரட்டப்பட்டால் பாதியே கிடைக்கும். மாலையில் தோட்டத்திலிருந்து நிறைபாரத்தோடு ஜீப் இறங்குகையில், பின்பட்டையின் முதல் ‘டக்’ ஓட்டுநருக்கு எஞ்சின் இரைச்சலைத் தாண்டி வர வேண்டும். கடைசிப் பெஞ்சில் இருப்பவருக்கு அது இருக்கையின் வழியே நேராக முதுகில் வருகிறது.